ஒக்டோபர் மாதத் தட்டுகள்

மாதம் பிறந்தால் முதலில் தெரிவது பன்னிரண்டாம் நம்பர் மலைக்குத்தான். மேலே பங்களாவில் பாட்டு மாறிவிடும்.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பங்களா ஒரு காலத்தில் துரை குடியிருந்த வீடு. இப்போது கொழும்புக் கம்பெனியொன்று அதை எடுத்து, வெளிநாட்டுக்காரர்களும் கொழும்புக்காரர்களும் வந்து தங்கும் விடுதியாக நடத்துகிறது. முன் ஹோலில் ஒரு பாட்டுப் பெட்டி. பக்கத்துச் சுவரில் பலகைத் தட்டு அடித்து, கறுப்பு இசைத்தட்டுகளை உறையோடு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு மாதமும் கொழும்பிலிருந்து ஒரு சதுர அட்டைப் பெட்டி வரும். அதற்குள் அந்த மாதத்துக்கென்று தெரிந்தெடுத்த தட்டுகள் இருக்கும்: ஜாஸ் ஒன்று, ரெகே ஒன்று, வெள்ளைக்காரர்களின் வயலின் கூட்டம் ஒன்று, பழைய சிங்களப் பைலாப் பாட்டு ஒன்று, சித்தாரோ நாதஸ்வரமோ ஒன்று. எதற்காக இதைத் தெரிந்தெடுத்தோம் என்று மூன்று மொழியில் எழுதிய சீட்டும் வரும். போன மாதத்துத் தட்டுகள் அதே பெட்டியில் கொழும்புக்குத் திரும்பும். இந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே ஆட்கள் அத்தனை தூரம் மலையேறி வந்தார்கள்.

கீழே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது இலவசம்.

"செப்டம்பர் முழுக்க ஒரு பொம்பள இழுத்து இழுத்து அழுதாளே, போயிட்டாளா?" என்று நாகலெட்சுமி கேட்டாள். கை நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக விரல்கள் தன்பாட்டுக்குக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தன.

"போயிட்டா. இப்ப வந்திருக்கிறவன் ஊதுறான். தொண்டையில சளி கட்டுன மாதிரி" என்றாள் காளியாயி.

"சும்மாவா போடுவான் கம்பெனிக்காரன்? என்னமோ காரணம் இருக்கு."

"சிறுத்தைய வெரட்டத்தான்."

"எங்க வெரட்டுச்சு? போன கிழம மேல் லயத்து நாயத் தூக்கிட்டுப் போயிருச்சே."

"பாட்டுப் புடிச்சுப் போயி வந்திருக்கும்."

நிரை முழுவதும் சிரித்தது. ஜீவராணியும் சிரித்தாள். பிறகு நாகலெட்சுமி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

"ஒம் புருஷன்தானே புள்ள போடுறாரு. கேட்டுச் சொல்லேன்."

"அவரு எங்க சொல்லுவாரு" என்றாள் காளியாயி, தேயிலைச் செடியிடம் சொல்வதுபோல. "கம்பெனி ஆளாச்சே."

ஜீவராணி அடுத்த செடிக்கு நகர்ந்தாள். இந்தப் பேச்சு வேலி போட்ட நாளிலிருந்து வருவது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாதை இருந்தது. கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு அதை நிறுக்கும் இடத்துக்குப் போக அதுதான் சுருக்கு வழி. விருந்தாளிகள் காலையில் யன்னலைத் திறந்தால் இடுப்பில் ஈரப் படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள் போவது தெரிகிறது என்று கம்பெனி அதை முள்ளுக்கம்பியால் அடைத்துவிட்டது. இப்போது மலையைச் சுற்றிப் போக வேண்டும். வேலியைப் பிரிக்கச் சொல்லித் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அழகுமுத்து ஜீவராணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து போய்ப் பங்களாவில் வேலை செய்யும் ஒரே ஆள் அவளுடைய புருஷன் நல்லமுத்து. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா இருந்தது.

நல்லமுத்துவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது பள்ளத்தில் விழுந்து முறிந்த கால், டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுச் சேர்ந்தாலும் கொஞ்சம் வளைந்தே சேர்ந்தது. மலை வேலைக்கு இனி ஆகாது. பங்களாவில் தரை சமம். தூசு தட்டுவது, கதவு திறப்பது, மாதம் பிறந்தால் பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை மாற்றுவது. உள்ளங்கைகளுக்கு நடுவே, சூட்டு ரொட்டியை எடுப்பதுபோல, விளிம்பில் மட்டும் பிடித்து எடுப்பார். மெல்லிய தூரிகையால் வட்டமாகத் துடைப்பார். இதெல்லாம் அங்கே. வீட்டுக்கு வந்தால் பங்களாப் பேச்சு கிடையாது. பேசினால் அது வேலியில் போய் முடியும், வேலி அழகுமுத்துவில் போய் முடியும் என்று இருவருமே அதை விட்டுவிட்டிருந்தார்கள்.

ஆயுத பூசை கழிந்த மறுநாள் பின்னேரம் இடி இடித்து மழை பெய்தது. ஜீவராணி காலில் கடித்த அட்டைகளுக்கு உப்பு வைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுப்பில் தேங்காய் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நல்லமுத்து நேரத்தோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

"என்னங்க, ஈரச் சப்பாத்தோட?"

"அந்த வெள்ளக்காரப் புருஷன் பொஞ்சாதி வந்திருக்காங்கல்ல. ஊதுறவரோட ரெக்கோட்டப் போட்டாங்க. பாட்டுப் பெட்டி முள்ளு ஓடல. கரகரன்னு இழுத்துச்சு. டக்குன்னு ஒடஞ்சு போச்சு."

"ஒடஞ்சா வேற ஒண்ணு மாட்டிக்கிறது."

"சேறு பூசியிருக்காங்க புள்ள." அவர் குரல் தணிந்தது. "தட்டுல சுத்திவர இருக்கிற கோட்டுக்குள்ள பூராச் சேறு. மஞ்சளா, காஞ்சு போயி. யாரோ வேணுமின்னே அப்பித் தேச்சிருக்காங்க. மனேஜர் பிரதீபன் சாரு லைட்டப் புடிச்சுக் காட்டுனாரு. வேலி போட்டதுக்குப் பழி வாங்குறாங்க, ஒங்க லயத்து வேலதான்னு சொல்றாரு."

ரொட்டி கருகும் வாசம் வந்தது. ஜீவராணி அதைத் திருப்பவில்லை.

"பாட்டு அந்தக் கோட்டுக்குள்ளயா இருக்கு?"

"பின்ன எங்க? அது மேல வெரல் படக்கூடாது. எண்ணெய் பட்டாலே போச்சு."

"நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே."

"ஒனக்கு அது எதுக்கு?" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "பூசை அன்னைக்கு நீ பங்களாப் பக்கம் வந்தியா?"

"நான் எதுக்கு அங்க வாறேன்?"

அந்தச் சொல் அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

உண்மையில் அவள் போயிருந்தாள். அன்று ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ரோதமுனிக்குப் பூசை. சக்கரம் சுழலும் எந்த இயந்திரத்துக்கும் ரோதமுனிதான் காவல். அவரைக் கும்பிடாமல் ஓடும் ரோதைச் சக்கரம் ஒரு நாள் கையைக் கேட்கும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்கு அன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சங்காய். வீட்டில் அவள் கவ்வாத்துக் கத்திக்கு வைத்தாள், மண்வெட்டிக்கு வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள். மீந்த சந்தனத்தைப் பார்த்தபோதுதான், தன் வீட்டுக்குச் சோறு போடும் சக்கரம் மேலே பங்களாவில் வெறுமனே இருக்கிறது என்று தோன்றியது. கடலைச் சுண்டலை ஒரு டப்பாவிலும் சந்தனத்தை இலையிலுமாக எடுத்துக்கொண்டு போனாள். விருந்தாளிகள் இல்லை. ராகலையிலிருந்து வந்த சமையல்காரர் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தார். நல்லமுத்துவையும் காணவில்லை. குசினிக் கதவு திறந்திருந்தது. பாட்டுப் பெட்டியின் மூடி உயர்ந்திருக்க, கறுப்புத் தட்டு மேலே பளபளவென்று இருந்தது. சுழல்வது அதுதானே. சுற்றிவர ஐந்து பொட்டு வைத்தாள். சூடம் கொளுத்திக் காட்டினாள். "இவரு காலைத்தான் எடுத்துட்ட. வேலையையாவது விட்டு வையி" என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம், விருந்தாளிகள் கண்ணில் பட்டால் அவருக்கு ஏச்சு விழுமே என்று நினைத்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நன்றாக, அழுத்தித் துடைத்துவிட்டு வந்தாள்.

"ஒங்க அண்ணன் அன்னைக்கு எங்க இருந்தாரு?" என்று நல்லமுத்து கேட்டார்.

"எங்கண்ணன எதுக்கு இழுக்கிறீங்க?"

"கேட்டேன்."

"நீங்க எங்க இருந்தீங்க? பங்களாவிலதானே? அப்ப யாரு உள்ள வந்திருக்க முடியும்?"

நல்லமுத்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். வெகுநேரம் அவிழ்த்தார். "ஸ்டோருக்குப் போனேன். பூசைக்கு. கொஞ்ச நேரந்தான். சாருகிட்ட எங்கயும் அசையலன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பங்களாவத் தெறந்து போட்டுட்டுப் போனேன்னு சொன்னா அப்பவே சாவியக் கேட்டிருப்பாரு. வெள்ளிக்கிழம கொழும்புக் கம்பெனி மேடம் வர்றாங்க. அதுக்குள்ள யாருன்னு பேர் சொல்லணுமாம். இல்லன்னா என்னைய நிப்பாட்டுவாங்களாம்."

ஜீவராணி கருகிய ரொட்டியைக் கோழிக்குப் போட்டாள். நான்தான் என்று இப்போது சொன்னால், அவர் பங்களாவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதும் கூடவே வெளியே வரும். சொல்லாவிட்டால் அவர் மனம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று அவள் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அழகுமுத்து வந்தார். கையில் தன் கொல்லையில் வெட்டிய முட்டைக்கோவா. வேலை முடிந்து நேரே வந்ததால் நகக்கண்ணிலெல்லாம் செம்மண். நல்லமுத்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், சேறு பூசுனவன் ஆப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே சாக்கை விரித்து உட்கார்ந்தார் அழகுமுத்து.

"நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"சிரிக்கிறதுக்கும் கம்பெனி வேலி போட்டிருச்சா?"

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் ஜீவராணி, பால் கலக்காத சாயத்தண்ணியையும் சீனித் துண்டையும் முன்னால் வைத்து.

"சும்மாதான் இருக்கேன் ஆத்தா. பூசினவன் எவனா இருந்தாலும் கைய எடுத்துக் கும்புடணும். பொம்பளைங்க மலையச் சுத்தி நடந்து கால் வீங்கிக் கெடக்கு. அவனுக்கு முள்ளு ஒடஞ்சதுதான் கவல."

"அந்த முள்ளுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது மச்சான்" என்றார் நல்லமுத்து.

"தெரியும் மச்சான்." அழகுமுத்து அவரை ஓரக்கண்ணால் ஒரு மாதிரிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் தெரியும். நான் வெளிய ஒரு வார்த்த பேச மாட்டேன். பயப்படாதீங்க."

அவர் போன பிறகு நல்லமுத்து தம்ளரைத் தள்ளி வைத்தார். "கேட்டியா? எல்லாந் தெரியுமாம். பயப்படாதீங்கங்கறாரு. செஞ்சவன் பேசுற பேச்சு இது."

"நீங்க அண்ணன் பேரச் சொல்லப் போறீங்களா?"

"நான் என்னாத்தச் சொல்ல?"

"அதத்தான் கேக்கிறேன்."

"சொல்லலன்னா யாரு நமக்குச் சோறு போடுவா? ஒங்க அண்ணனா? ஒரு கோவாவத் தூக்கிட்டு வந்துட்டாரு."

அவள் வாயைத் திறந்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலை நீட்டும்போது வலியில் முனகியது கேட்டது. வளைந்த காலில் மழைக்குளிர் ஏறியிருக்கும். தைலப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோவாவை அரிய உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பனி மூட்டம் கலையாமலே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கலைந்தது. பன்னிரண்டாம் நம்பரில் பாட்டு இல்லை. பெண்கள் அதையும் பேசினார்கள். "ஊதுறவனையும் வெரட்டிட்டாங்க போல." கொழும்பு வேன் கீழே வளைவில் திரும்பி மேலே ஏறுவதை ஜீவராணி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொழுந்து பறித்தாள். அப்புறம் பையை இறக்கி நாகலெட்சுமியின் காலடியில் வைத்தாள்.

"எங்க புள்ள போற?"

"இந்தா வாறேன்."

சுற்றிப் போக நேரமில்லை. வேலியின் கீழ்க்கம்பியை ஒரு கையால் தூக்கி, குனிந்து நுழைந்தாள். முதுகில் சேலை கிழிந்தது. பின்னால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சத்தம் போட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹோலில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய சிங்கள மேடம் அந்தத் தட்டை மடியில் வைத்திருந்தார். மனேஜர் பிரதீபன் பக்கத்தில் நின்றான். ஹட்டன் பசாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளியின் மகன். நல்லமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு, நல்ல காலில் உடம்பைச் சாய்த்து நின்றார்.

"எனக்கு ஒரு ஆள் மேல சந்தேகம் இருக்குங்க சார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "சொந்தக்காரர்தான். ஆனா…"

"சந்தேகம் வேணாங்க" என்றாள் ஜீவராணி குசினி வாசலிலிருந்து. படங்கிலிருந்து சிமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டியது. "நான்தான்."

மூவரும் திரும்பினார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரோதமுனி, சந்தனம், ஐந்து பொட்டு, சூடம், நனைத்த முந்தானை. பிரதீபன் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பாட்டுத் தட்டுக்குப் பொட்டு வச்சீங்களாக்கா?"

"ஒங்கப்பா கடையில தராசுக்கு வைக்கலையா சார்?"

அவன் தலையாட்டினான். "தராசுக்கு வைப்போம். அதுல நிறுக்கிற சீனிக்கு வைக்க மாட்டோமே."

அவள் மேடத்தின் மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

அவன் மேடத்துக்குச் சிங்களத்தில் சொன்னான். ஜீவராணிக்குக் கடைகண்ணியில் பேசுமளவு சிங்களம் புரியும். அவள் சொன்னதையெல்லாம் அவன் ஒழுங்காகத்தான் சொன்னான். கடைசியில் தன் பேச்சு ஒன்றைச் சேர்த்தான்: இந்தப் பெண்ணின் அண்ணன்தான் வேலிப் பிரச்சினைக்காரர், அவரைக் காப்பாற்ற வந்திருக்கிறாள்.

"எஹெமத?" என்றார் மேடம், அப்படியா என்று. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். சந்தன வாசம் வருகிறதா என்று பார்க்கிறார் என்பது ஜீவராணிக்கு விளங்கியது. ஆனால் அது கடையில் வாங்கிய மலிவுப் பொடி. அரைத்த அன்றைக்கே வாசம் போய்விடும். மேடம் தட்டைக் கீழே வைத்தார்.

"நல்லமுத்து அன்னைக்கு எங்கயும் போகலன்னு எங்கிட்டச் சொன்னாரு" என்றான் பிரதீபன். "அப்ப இவங்க எப்படி உள்ள வந்தாங்க?"

நல்லமுத்து தரையைப் பார்த்தார். "ஸ்டோருக்குப் போனேங்க. பூசைக்கு."

"அது பொய், இது உண்மையா? இல்ல அது உண்மை, இது பொய்யா? நீங்களே சொல்லுங்க."

மேடம் அதற்கு மேல் கேட்க விரும்பவில்லை. எழுந்து யன்னலருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிரதீபன் தமிழில் சொன்னான். யாரையும் தேட வேண்டாம், பொலிஸ் வேண்டாம். நவம்பர் பெட்டியைப் பிரிக்கக் கொழும்பிலிருந்து ஓர் ஆள் வருவார். நல்லமுத்து இனி உள்ளே வரத் தேவையில்லை, வெளியே பூப்பாத்தி வேலையைப் பார்க்கலாம்.

"சாவியக் குடுங்க."

நல்லமுத்து இடுப்பில் துழாவி எடுத்துக் கொடுத்தார். வெளியே வரும்போது பிரதீபன் ஜீவராணியிடம் தணிந்த குரலில் சொன்னான்: "அண்ணன் மேல நல்ல பாசந்தான் அக்கா."

இருவரும் ரோட்டு வழியாகவே இறங்கினார்கள். அவருடைய காலுக்கு ஏற்ப அவள் மெதுவாக நடந்தாள். பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. சவுக்கு மரத் திருப்பத்துக்கு வந்தார்கள்.

"நெசமாவே நீதானா?" என்றார் நல்லமுத்து.

"நான்தான்."

"சந்தனத்த எதுல கொண்டு போன?"

"எலையில."

"என்ன எல?"

"வாழையெல. என்னாங்க, பொலிஸ்காரன் மாதிரி?"

"அன்னைக்குக் கேட்டப்ப வரலன்ன."

"நீங்களுந்தான் போகலன்னீங்க."

அவர் நின்று, காலைத் தேய்த்துக்கொண்டு, மறுபடி நடந்தார். "சரி வுடு. கூடப்பொறந்த பொறப்பு. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

ஜீவராணிக்கு அழுகைகூட வரவில்லை. கட்டிய புருஷனே நம்பாத உண்மையை இனி யாரிடம் கொண்டுபோய் வைப்பது?

லயத்துக்கு வந்தபோது அவர்களுடைய இஸ்தோப்பு நிறைய ஆட்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சமையல்காரர் மூலம் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே இறங்கியிருந்தது. அழகுமுத்து எழுந்து வந்து நல்லமுத்துவின் தோளைப் பிடித்தார். நான்கைந்து மாதமாக அவர் அப்படித் தொட்டதில்லை.

"இங்கன ஒக்காருங்க மச்சான். ஏ நாகு, தேத்தண்ணி கொண்டா."

"என்ன மச்சான் இதெல்லாம்?"

"எங்ககிட்டயுமா மறைக்கிறீங்க? சாவி ஒங்க கையில. அந்த ரெக்கோட்டத் தொடுறது நீங்க மட்டுந்தான். வேற எவன் செய்ய முடியும்? மொத நாளே எனக்கு வெளங்கிருச்சு. நேத்து ஒங்க மூஞ்சியப் பாத்ததும் இன்னும் நல்லா வெளங்கிருச்சு. அதான் பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

"நாங்க வெளியில நின்னுக்கிட்டு வேலிய எடு எடுன்னு கத்துறோம்" என்றாள் காளியாயி. "உள்ள இருந்து அடிச்சாரு பாரு! கம்பெனி ஆளு கம்பெனி ஆளுன்னு சொன்னமே. மனசுல வச்சுக்காதீங்க அண்ணே."

"அது அவரு இல்ல" என்றாள் ஜீவராணி. "அண்ணே, சாமி சத்தியமா நான்தான். பொட்டு வச்சேன்…"

"தெரியும் ஆத்தா, நீதான்" என்று அழகுமுத்து கண்ணைச் சிமிட்டினார். "யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு. மாத்திப் பேசிராத."

எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து, பால்மா போட்டது, நல்லமுத்துவின் கையில் கொடுத்தாள். உட்கார அவருக்குச் சாக்கு விரித்தார்கள். வளைந்த காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டார்கள்.

நல்லமுத்து தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழகுமுத்துவைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நல்லமுத்துதான் செய்தார் என்று மனதார நம்பும் ஆள், தானே செய்திருக்க முடியாது. நல்லமுத்து மெல்லத் தலையைத் திருப்பி, வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவருடைய கண்கள் அவளுடைய படங்கு, கிழிந்த சேலை, கை என்று இறங்கி அவள் முகத்துக்கே திரும்பி வந்தன. இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லப் போகிறார் என்று அவள் காத்து நின்றாள்.

அவர் ஒரு மிடறு குடித்தார்.

"அந்த முள்ளு ஒடஞ்சப்ப" என்றார், "வெள்ளக்காரன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்."

இஸ்தோப்பே அதிரும்படி சிரித்தார்கள். அழகுமுத்து தொடையில் தட்டினார். இன்னொரு தரம் சொல்லுங்க மச்சான் என்று யாரோ கேட்டார்கள். நல்லமுத்து இன்னொரு தரம் சொல்லத் தொடங்கினார். ஜீவராணி கீழே கிடந்த வெறும் தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.